முழுப் பருப்பு

கை பட்ட வேகத்தில் கிண்ணம் சுவரில் மோதித் தரையில் உருண்டது. வறுத்த வேர்க்கடலை அறை முழுக்கச் சிதறியது.

"இன்னாமா, பேய் புடிச்சிகீதா உனுக்கு?" என்றாள் ஞானகுமாரி. எட்டு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்தாள். வாயில் இருந்ததை இன்னும் மென்றுகொண்டிருந்தாள்.

"துப்பு."

"இன்னாத்துக்கு?"

"துப்புடி. பல்லி வுழுந்திச்சி அதுல."

ஞானகுமாரி உள்ளங்கையில் துப்பினாள். அம்மா சகாயம்மாள் அந்தக் கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். அரைபட்ட பருப்பில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. பிறகு மகளின் தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பினாள். கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்தாள். கண்ணின் வெள்ளை வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் மேகம் மூடிய காலை. அந்த வெளிச்சத்தை நம்ப முடியவில்லை.

"பல்லி என் கண்ணுலயா பூந்துச்சி?" என்றாள் மகள்.

சகாயம்மாள் முட்டி போட்டு உட்கார்ந்து தரையில் கிடந்ததைப் பொறுக்கினாள். கட்டிலுக்கடியில் ஓடிய ஒன்றைத் துடைப்பக் குச்சியால் இழுத்து எடுத்தாள். ஒன்றுகூட விடக்கூடாது என்று இருந்தது.

அரை மணி நேரத்துக்கு முன்னால் அவள் நான்கு வீடு தள்ளி முனியம்மாவின் கொல்லையில் நின்றாள். கோணியின்மேல் வாத்துக் குஞ்சுகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். பதினேழு. எல்லாம் கழுத்தைப் பின்னால் வளைத்து முதுகைப் பார்த்தபடி செத்திருந்தன. முனியம்மாவின் புருஷன் நாகப்பன் முந்தின நாள் ஒரு குஞ்சைப் பையில் போட்டு கால்நடை டாக்டரிடம் கொண்டுபோயிருந்தான். அவர் அறுத்துப் பார்த்திருக்கிறார்.

"இன்னா தீனி போட்டேன்னு கேட்டாரு," என்றான் நாகப்பன். "கடலை மில்லுல கழிச்ச பருப்புன்னேன். ஈரலைக் காட்டுனாரு யக்கா. வெளுத்துப் போயி கீது. கடலைல பூசணம் வந்தா அது வெசமாம். ஏதோ இங்கிலீஷ் பேரு சொன்னாரு."

"பேரைக் கேட்டுக்கினு வரத் தெரியல. பையை மட்டும் திருப்பிக் கொண்டாந்துச்சி," என்றாள் முனியம்மா.

சகாயம்மாள் கேட்டாள்: "மனுசங்களுக்கு?"

"அத்தயும் கேட்டேன். குஞ்சுங்களுக்கு ஒடனே காட்டிடுமாம். மனுசனுக்கு மெதுவா ஈரல்ல போயி குந்திக்குமாம்."

"நாம இன்னா கழிசலயா துன்றோம்?" என்றாள் முனியம்மா. "உன்மேல தப்பில்ல யக்கா. நல்லதுன்னுதான் குடுத்தே. மூஞ்சைத் தொங்கப் போட்டுக்காத."

அவர்களுக்குத் தெரியாத ஒன்று சகாயம்மாளுக்குத் தெரியும். வாத்துக்குக் கொடுத்த கழிசலும் தன் வீட்டு டின்னில் இருக்கும் நல்ல பருப்பும் ஒரே குவியலில் இருந்து வந்தவை.

சகாயம்மாளுக்கு நாற்பத்திரண்டு வயது. பாரிவாக்கத்தில் ஓட்டு வீடு. அவள் புருஷன் சத்தியராஜ் கொத்தனார். ஏழு வருஷத்துக்கு முன் சாராயத்தால் ஈரல் கெட்டுச் செத்தான். கடைசி இரண்டு மாதம் அவன் கண், நகம், உள்ளங்கை எல்லாம் மஞ்சள். வியர்வையில் தலையணை உறை மஞ்சளானது. அதற்கப்புறம் அவள் மஞ்சள் புடவை கட்டியதில்லை. ஒரே பெண்ணை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டராக இருக்கும் ஜேசுராஜுக்குக் கட்டிக்கொடுத்தாள். திருமுல்லைவாயிலில் குடித்தனம். தலைப்பிரசவத்துக்கு மகள் வந்து மூன்று வாரம் ஆகிறது.

ஆவடி போகும் சாலையில் உலகநாதனின் கடலை உடைக்கும் மில்லில் அவளுக்குப் பத்து வருஷ வேலை. மிஷின் பெரிய விஷயமில்லை. மேலே காயைக் கொட்டினால், உள்ளே ஒரு இரும்புச் சட்டம் முன்னும் பின்னும் ஆடி அதைக் கம்பிச் சல்லடைமேல் தேய்க்கும். ஓடு உடையும். காற்றாடி ஓட்டை வெளியே ஊதிவிடும். பருப்பு கீழே விழும். ஆனால் காய்ந்த காயை அப்படியே கொட்டினால் ஓட்டோடு பருப்பும் பிளக்கும். பிளந்த பருப்பு எண்ணெய்க்குத்தான் போகும். முழுப் பருப்பை மிட்டாய்க்காரர்கள் வாங்குவார்கள். அதனால் முதல் நாள் சாயங்காலமே காயின்மேல் தண்ணீர் தெளித்துக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடிவைப்பார்கள். விடிவதற்குள் ஓடு நமுத்துவிடும். உடைத்ததும் பருப்பைக் களத்தில் ஒரு நாள் காயப்போட வேண்டும்.

தண்ணீர் தெளிப்பது சகாயம்மாளின் வேலை. மூட்டைக்கு இரண்டு சொம்பு. அதிகமானால் அழுகும், குறைந்தால் பிளக்கும். ஒரு காயை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்து, போதும் போதாது என்று சொல்வாள். மிஷின் ஓட்டுகிற வரதன் அவளைக் கேட்காமல் சுவிட்சைப் போடமாட்டான். அந்த மில்லில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு குவியல் நன்றாக உடைந்தால், முதலில் விழுகிற முழுப் பருப்பில் இரண்டு படி தண்ணீர் தெளித்தவளுக்கு. உலகநாதனே அளந்து அவள் முந்தானையில் கொட்டுவார்.

அந்த வருஷம், எண்பத்தைந்தில், ஐப்பசி மழை விடாமல் பெய்தது. ஒரு திங்கள்கிழமை சாயங்காலம் நாற்பது மூட்டைக் காய்க்குத் தண்ணீர் தெளித்து மூடினாள். ராத்திரி கூரை ஒழுகி மோட்டாரில் தண்ணீர் இறங்கியது. காலையில் மோட்டாரின் கம்பிச் சுருள் புகைந்து நின்றுவிட்டது. புதுக் கம்பி சுற்ற அதை அம்பத்தூர் கொண்டுபோனார்கள். சாலையெல்லாம் வெள்ளம். ஐந்து நாளாயிற்று.

நனைத்த காயைப் பரப்பியிருக்க வேண்டும். களத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. தார்ப்பாயைத் திறந்தால் சாரல் விழும். மூடியே இருந்தது. மூன்றாம் நாள் யாரும் பார்க்காதபோது சகாயம்மாள் தார்ப்பாய்க்கு அடியில் கையை விட்டாள். முழங்கை வரை போனதும் வெளியே இழுத்துக்கொண்டாள். உள்ளே காய்ச்சல்காரன் வயிறு மாதிரிச் சுட்டது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தண்ணீர் அதிகம் ஊற்றிவிட்டாய் என்பார்கள் என்று பயந்தாள். சூட்டில் ஓடு இன்னும் நன்றாக நமுக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

ஆறாம் நாள் வாடகைக்கு ஒரு டீசல் இன்ஜின் கொண்டுவந்து ஓட்டினார்கள். பருப்பு கொட்டியது. நூறு பருப்பில் இரண்டுகூடப் பிளக்கவில்லை. பத்து வருஷத்தில் அப்படி விழுந்ததில்லை.

"யக்கா, மல்லி மொட்டு மாரி கீது பாரேன்," என்று வரதன் கத்தினான். "தண்ணில இன்னாத்தக் கலந்தே?"

"அது கைராசிடா," என்றார் உலகநாதன். இரண்டு படிக்குப் பதில் மூன்று படி அளந்தார். "பொண்ணு முழுகாம கீறாளே. அவளுக்கு வறுத்துக் குடு."

சுருங்கியதையும் கறுத்ததையும் பொறுக்கி எடுத்து முனியம்மாவின் குஞ்சுகளுக்குக் கொடுத்தாள். பார்க்க நன்றாக இருந்த மூன்று படியைத் தகர டின்னில் போட்டாள். பன்னிரண்டு நாள், தினம் ஒரு கிண்ணம், மகளுக்கு. வெல்லம் சேர்த்து இடித்துக்கூடக் கொடுத்தாள்.

இப்போது அந்த டின்னைத் திறந்தாள். ஒரு பருப்பை நகத்தால் இரண்டாகப் பிளந்தாள். உள்ளே சுத்தமாக இருந்தது. இரண்டாவது சுத்தம். மூன்றாவதைப் பிளந்தபோது இரண்டு பாதிக்கும் நடுவே, பள்ளத்தில், சாம்பல் பச்சையில் ஏதோ படர்ந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். ஈரச் சுவர் வாடை. பத்தில் நான்கு அப்படி. வெளியே தோல் ரோஜா நிறத்தில் பளபளத்தது. பிளந்து விழுந்திருந்தால் களத்திலேயே தெரிந்திருக்கும். முழுசாக விழுந்ததால் தெரியவில்லை.

டின்னை மூடிப் பரண்மேல் வைத்தாள்.

"ஞானம், பொறப்படு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"செக்கப்பு வியாழக்கிழமைதானேமா?"

"இன்னிக்கே போலாம்."

பூந்தமல்லி பஸ்ஸில் அவள் மகளின் நகங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். மகள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். குழந்தையின் துடிப்பைக் கேட்டார். எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னார். சகாயம்மாள் எழுந்திருக்கவில்லை.

"வேற என்னம்மா?"

"வேர்க்கடலை துன்னா ஒன்னும் பண்ணாதே டாக்டரம்மா?"

"நல்லதுதான். அளவா சாப்பிடட்டும்."

எழுந்து போயிருக்கலாம். டாக்டர் அடுத்த சீட்டை எடுத்துவிட்டார். சகாயம்மாள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"பூசணம் புடிச்ச கடலை," என்றாள். "உள்ள பூசணம். தெரியாம குடுத்துட்டேன். அத்தத் துன்ன வாத்துங்க செத்துப்பூடுச்சி."

டாக்டர் சீட்டைக் கீழே வைத்தார். ஞானகுமாரி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

"பன்னண்டு நாளு."

"உனக்குக் கசந்ததாம்மா?" என்று மகளிடம் கேட்டார்.

"ஒன்னு ரெண்டு கசந்திச்சி. துப்பிட்டேன். மத்தது நல்லாதான் இருந்திச்சி."

"வாந்தி? வயித்துவலி? மூத்திரம் மஞ்சளா போகுதா?"

"இல்ல."

டாக்டர் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். வலது விலா எலும்புக்குக் கீழே விரல்களை அழுத்தினார். ரத்தம் எடுக்கச் சொல்லி எழுதினார். "நாளைக்குக் காலையில் ரிசல்ட் வாங்கிக்கங்க. அந்தக் கடலையை யாரும் தொடக்கூடாது. இப்போதைக்கு நான் வேற ஒன்னும் சொல்ல முடியாது."

வெளியே பஸ்ஸுக்காக நின்றபோது ஞானகுமாரி முழங்கையில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தாள்.

"பல்லி இல்லயா அது?"

"இல்ல."

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "நைனாக்கு வந்த மாரி வருமா?"

சகாயம்மாள் பஸ் வரும் திசையைப் பார்த்தாள்.

மகளை வீட்டில் விட்டுவிட்டு அவள் மில்லுக்குப் போகும்போது மணி பன்னிரண்டு. அந்தக் குவியலில் பதினைந்து மூட்டைப் பருப்பு தேறியிருந்தது. ஆறு போன வாரமே போய்விட்டது. ஒன்பது மூட்டை தைத்து, கதவோரம் அடுக்கியிருந்தது.

"இன்னா சகாயம்மா, லீவு போட்டுட்டு இப்ப வர்றே?" என்றார் உலகநாதன்.

அவள் வாத்துகளைச் சொன்னாள். கால்நடை டாக்டர் சொன்னதைச் சொன்னாள். தைத்தபின் முறத்தில் மிஞ்சியிருந்ததில் ஒரு பருப்பைப் பிளந்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். அது சுத்தமாக இருந்தது. இன்னொன்றைப் பிளந்தாள். அதுவும் சுத்தம். அவசரமாக மூன்றாவதைப் பிளந்தாள். அதில் இருந்தது.

"இதுவா?" என்றார். "மழைக்காலத்துல எதுலதான் இல்ல? நாகப்பன் வாத்து குட்டைத் தண்ணியக் குடிச்சிருக்கும்." முறத்திலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி வாயில் போட்டு மென்றார். "பாரு. நான் செத்துட்டனா?"

"துன்னாதீங்க மொதலாளி."

"அட, பயப்படாத."

"மூணாம் நாளே உள்ள சூடா இருந்திச்சி. நான் கைய வுட்டுப் பாத்தேன். சொல்லல."

அவர் மெல்வதை நிறுத்தினார். பிறகு மெதுவாக விழுங்கினார். விழுங்கியதை அவள் தொண்டையில் பார்த்தாள்.

"அன்னிக்குச் சொல்லாதவ இன்னிக்கு இன்னாத்துக்குச் சொல்றே?"

"எம் பொண்ணு துன்னுட்டா."

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "ஒன்னும் ஆகாது," என்றார். குரல் முன்பு மாதிரி இல்லை. "வறுத்தா எல்லாம் செத்துடும். மூணு மணிக்கு மிட்டாய்க்காரர் வண்டி வருது. கிறிஸ்மஸ் ஆர்டர். நீ எதையும் வெளிய சொல்லிகினு திரியாத. ஊட்டுக்குப் போயி பொண்ணைப் பாரு."

சைக்கிளை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனார். வாசலில் நின்று குனிந்து காறித் துப்பிவிட்டுப் போனார்.

வரதன் இன்ஜினை நிறுத்திவிட்டு டீக்கடைக்குப் போயிருந்தான். சகாயம்மாள் தனியாக நின்றாள். மூட்டைகளின்மேல் மிட்டாய்க்காரரின் அடையாளம் நீல மையில் போட்டிருந்தது. கிறிஸ்மஸுக்குப் பங்குக் கோயிலிலும் மிட்டாய் கொடுப்பார்கள். போன வருஷம் அவளும் இரண்டு வாங்கிக் கொண்டுவந்தாள். அதை நினைத்தாள். நாளைக்கு ரத்தத்தில் என்ன வரும் என்று நினைத்தாள். இந்த வண்டியைப் போகவிட்டால் நாளைக்குக் கெட்டதுதான் வரும் என்று தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியதென்று அவளுக்குத் தெரியவில்லை. கால் வியர்த்துச் செருப்பு வழுக்கியது.

மேலே இருந்த மூட்டைகளை இழுத்துக் கீழே நிறுத்தினாள். கோணி அறுக்கும் கத்தியை எடுத்து ஒன்பது மூட்டையின் தையலையும் அறுத்தாள். இன்ஜினுக்குப் பக்கத்தில் டீசல் கேன் இருந்தது. அதை நகர்த்திக்கொண்டு வந்தாள். தண்ணீர் தெளிக்கிற பித்தளைச் சொம்பு ஆணியில் தொங்கியது. மூட்டைக்கு இரண்டு சொம்பு ஊற்றினாள். டீசல் பருப்புக்குள் சத்தமில்லாமல் இறங்கியது. ஒவ்வொரு மூட்டையிலும் கையை விட்டுக் கிளறினாள். கடைசி மூட்டைக்கு ஒரு சொம்புதான் இருந்தது.

வரதன் வாசலில் வந்து நின்றான். வாயில் பீடி. வாடை தெரிந்ததும் அதைப் பிடுங்கி மழைத் தண்ணீரில் எறிந்தான்.

"யக்கா! இன்னா பண்ணிட்டே? கொளுத்தப் போறியா?"

"இல்லடா. துன்னக்கூடாது. அவ்ளோதான்."

"மொதலாளி வந்தா உன்ன இன்னா பண்ணுவாரு தெரியுமா?"

"தெரியல."

"கெளம்பு. ஓடிப்பூடு. நான் பாக்கலன்னு சொல்லிக்கிறேன்."

"கால் வரல," என்றாள். கையிலிருந்த சொம்பை வரதன் வாங்கிக் கீழே வைத்தான். அவள் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தாள். சைக்கிள் மணி கேட்கும்வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் மழை இல்லை. காலை எட்டு மணிக்கு வரதன் வந்து அவளுடைய டிபன் பாக்ஸையும் மாற்றுப் புடவையையும் கொடுத்தான். இனிமேல் வரவேண்டாமென்று முதலாளி சொன்னதாகச் சொன்னான். போலீசுக்குப் போகவில்லை. ஒன்பது மூட்டையையும் களத்துக்குப் பின்னால் பள்ளத்தில் கொட்டச் சொல்லிவிட்டார். ராத்திரி அவருக்கு வயிறு சரியில்லை, பயத்தில் இருக்கும் என்றான். போன வாரம் போன ஆறு மூட்டையைப் பற்றிக் கேட்டாள். அது எந்த ஊருக்குப் போனதென்று தனக்குத் தெரியாது என்றான்.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் சீட்டு கொடுத்தார்கள். ரத்தத்தில் மஞ்சள் இல்லை. ஈரல் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது, பிரசவத்துக்கு அப்புறம் ஒருமுறை பார்க்க வேண்டும், குழந்தைக்கும் பார்க்கலாம் என்றார் டாக்டர். எதற்காகப் பார்க்க வேண்டும் என்று சகாயம்மாள் கேட்டாள். பார்த்துக்கொள்வது நல்லது என்றார்.

திரும்பும்போது பஸ் மில்லைத் தாண்டியது. மழை விட்டதால் சாயங்காலத்துக்குக் காத்திராமல் களத்தில் காய் குவித்திருந்தார்கள். அவளோடு மில்லில் வேலை பார்த்த தாட்சாயிணி பித்தளைச் சொம்போடு நின்று தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். ஞானகுமாரி பார்த்தாள்.

மத்தியானம் முனியம்மா மண்வெட்டி கொடுத்தாள். சகாயம்மாள் தன் கொல்லையில் இடுப்பளவு குழி வெட்டி டின்னில் இருந்த பருப்பைக் கொட்டி, சுண்ணாம்பு போட்டு மூடினாள். டின்னை மூன்று தடவை கழுவிவிட்டு அதையும் எறிந்தாள். சாயங்காலம் ஜேசுராஜ் வந்தான். ஞானகுமாரி அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் மாமியார் முகத்தைப் பார்க்காமல் காபி குடித்துவிட்டுப் போனான். இருட்டுவதற்கு முன்னால் சகாயம்மாள் மகளை வாசலுக்குக் கூப்பிட்டு நிறுத்தி, இரண்டு கண்ணையும் பார்த்தாள். பிறகு உள்ளே போய் அரிசி களைந்தாள்.